பழைய கார்களும் அவற்றைக் காத்த கைகளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறுவதற்காகக் கோலா குபு பாரு பட்டணத்துக்குப் போகிறவர்கள் இந்தக் காட்சியை எப்போதாவது பார்த்திருப்பார்கள். கடை வரிசைக்கு முன்னால் பழைய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். உருண்டைக் கண் மோரிஸ் மைனர், ஆமை முதுகு வோக்ஸ்வேகன், குட்டி ஆஸ்டின் மினி, சில வேளைகளில் கனமான ஒரு மெர்சிடிஸ். ஓட்டி வந்தவர்கள் இறங்கியதும் தேநீர் கேட்பதில்லை. முதலில் குனிந்து, காருக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். சக்கரத்தின் மேல் கை வைத்துச் சூட்டைப் பார்க்கிறார்கள். தேநீர் அதற்குப் பிறகுதான்.

பழைய கார் சங்கத்தினர் தேடி வரும் இடம் உண்மையில் இந்தப் பட்டணம் அல்ல. பட்டணத்தின் முடிவில் தொடங்கும் சாலை. கோலா குபு பாருவிலிருந்து கேப் வரை சுமார் 30 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி, அங்கிருந்து இன்னும் எட்டு கிலோமீட்டரில் பிரேசர் மலையைத் தொடும் சாலை அது. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். புதிய காருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஐம்பது, அறுபது வயதான காருக்கோ இது மருத்துவப் பரிசோதனை மாதிரி. தண்ணீர் கொதிக்காமல் ஏறி, பிரேக் சோராமல் இறங்கிவிட்டால் அதன் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள்.

பழைய கார்களின் சரித்திரம் என்று பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் துரைமார்களின் பெயர்கள், கவர்னர்களின் பெயர்கள், பணக்காரர்களின் பெயர்கள்தான் வருகின்றன. கார் யார் பெயரில் பதிவானதோ அவருடைய பெயர் நிற்கிறது. அந்தக் காரை விடியற்காலையில் கழுவியவர் யார்? அடியில் படுத்துக் கிரீஸ் அடித்தவர் யார்? உலு சிலாங்கூரிலும் கோலசிலாங்கூரிலும் உள்ள தோட்டங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அது பல வீடுகளில் தாத்தாவின் பெயராக இருக்கும்.

உடைந்த அணையும் ஒரு மலைச் சாலையும்

இன்றைய கோலா குபு பாரு, பெயரிலேயே 'புதியது' என்று சொல்லிக்கொள்ளும் ஊர். பழைய கோலா குபு இதற்குப் பக்கத்தில் இருந்தது. 1883 அக்டோபர் 29ஆம் தேதி அங்கிருந்த பழைய அணை உடைந்து ஊரையே அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் அந்த வெள்ளத்தில் இறந்தார். அந்த இடத்துக்கு 'அம்பாங் பெச்சா', அதாவது உடைந்த அணை என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஊர் மறுபடியும் எழுந்தது. ஆனால் ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றை அடைத்துக்கொண்டே வந்ததால் வெள்ளம் ஓயவில்லை. கடைசியில் 1920களில் அரசாங்க நகரமைப்பாளர் சார்ல்ஸ் ரீட் மேட்டு நிலத்தில் பூங்கா நகரமாக வரைந்த திட்டத்தின்படி புதிய பட்டணம் அமைக்கப்பட்டு, 1930களின் தொடக்கத்தில் மக்கள் இங்கே குடியேறினார்கள். ஊரில் நிழல் மரங்களும் அகன்ற தெருக்களும் இருப்பதற்குக் காரணம் அந்தத் திட்டம்தான். பழைய கார்களை வரிசையாக நிறுத்த இடம் கிடைப்பதும் அதனால்தான் என்று சங்கத்தினர் வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்த ஊருக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? பகாங்கிற்குள் நுழையும் வாசல் இது. 1890களில் ரயில் கோலா குபுவரை வந்தது. மலைக்கு அப்பால் ரவூப்பில் தங்கச் சுரங்கம் இருந்தது. அதற்கும் அப்பால் அன்றைய பகாங்கின் தலைநகரான கோலா லிப்பிஸ் இருந்தது. ரயிலில் வந்து இறங்கியவரும் சாமானும் மலையைத் தாண்ட வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சாலை வெட்டப்பட்டது. முதலில் அதில் ஓடியவை மாட்டு வண்டிகள். மோட்டார் வாகனம் வந்ததும், இந்த மலைச் சாலையில் பயணிகளையும் தபாலையும் ஏற்றிச் செல்லும் மோட்டார் சேவையும் வந்தது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கார் எப்போது வந்தது என்று கேட்டால், 1896ஆம் ஆண்டைச் சொல்வார்கள். சிங்கப்பூரில் சார்ல்ஸ் பக்லி என்ற வழக்கறிஞர் வைத்திருந்த பென்ஸ் வண்டி அது. ஓடும்போது எழுந்த சத்தத்தைக் கேட்டு, அதற்கு 'காப்பி இயந்திரம்' என்று பெயர் வைத்தார்கள். 1899ல் கோலாலம்பூரில் சுவா சகோதரர்கள் ஒரு பலசரக்குக் கடை திறந்தார்கள். சாதிக்காயும் சவர்க்காரமும் விற்ற அந்தக் கடை, பிறகு சைக்கிள் விற்று, பிறகு கார் விற்று, 'சைக்கிள் அண்ட் கேரேஜ்' என்ற பெரிய நிறுவனமாயிற்று. கார் வியாபாரம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

சாலை போட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுப்பணி இலாகாவுக்கும் ரயில்வேக்கும் ஆள் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே பெரும் பங்கினர். கல் உடைத்ததும் தார் காய்ச்சியதும் அவர்கள்தான். எத்தனையாவது கட்டையில் எந்த வளைவு என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அந்தச் சாலையில் காரில் போகும் வாய்ப்பு அவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது.

கேப் சாலையில் ஒரு ரோல்ஸ்-ராய்ஸ்

நம் நாட்டுச் சரித்திரத்தில் அதிகம் பேசப்பட்ட கார் ஓடியது இந்தச் சாலையில்தான். அவசரகாலம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 1951 அக்டோபர் 6, சனிக்கிழமை. பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி, வார இறுதிக்காகத் தம் மனைவியுடன் பிரேசர் மலைக்குப் புறப்பட்டார். ஏறியது ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ரெய்த். இரண்டு டன்னுக்கு மேல் கனம் கொண்ட கார். முன்னால் ஒரு லேண்ட் ரோவரில் போலீஸ்காரர்கள்.

பழைய கார்களில் ஆர்வமுள்ளவர்கள் இந்தக் கதையில் கவனிக்கும் ஒரு சிறு விவரம் உண்டு. கூட வந்த வானொலித் தொடர்பு வண்டி வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டது. மற்ற வண்டிகள் அதை விட்டுவிட்டு மேலே சென்றன. கேப்பை நெருங்கும் ஒரு வளைவில், சியூ மா தலைமையிலான கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் காத்திருந்தார்கள். முதல் வேட்டுகளில் லேண்ட் ரோவர் நின்றது. ரோல்ஸ்-ராய்ஸும் நின்றது. கர்னி கதவைத் திறந்து இறங்கி, காரை விட்டு விலகி நடந்தார்; சுடப்பட்டு இறந்தார். காருக்குள் தரையோடு பதுங்கியிருந்த அவருடைய மனைவியும் அந்தரங்கச் செயலாளரும் உயிர் தப்பினார்கள். மனைவியைக் காப்பாற்றுவதற்காகவே அவர் இறங்கி நடந்தார் என்று பலரும் கருதுகிறார்கள். குறிவைத்துக் காத்திருந்தது கர்னிக்காக அல்ல, தற்செயலாக அவர் வந்து சிக்கினார் என்று சின் பெங் 2003ல் வெளியான தம் நூலில் சொல்லியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போதெல்லாம் கர்னியின் பெயர் வருகிறது, தாக்கியவரின் பெயர் வருகிறது, காரின் பெயர்கூட வருகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரின் பெயர் மட்டும் பொதுவாக வருவதில்லை. அவர் ஒரு மலாய்க்காரர் என்பதோடு கதை நின்றுவிடுகிறது. இது கவனக்குறைவாக நடந்ததல்ல என்றே எண்ணத் தோன்றுகிறது. கார் என்றால் பின்னால் உட்கார்ந்தவருடையது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது.

அதே ஆண்டுகளில் தோட்டங்களிலும் கார் ஒரு போர்க்கருவியாக மாறியது. மேனேஜர்களின் கார்களுக்குப் பக்கவாட்டிலும் பின்னாலும் இரும்புத் தகடு பொருத்தினார்கள். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு துவாரம். பால் காய்ச்சும் ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தோட்டத்துப் பிட்டர்களுக்கும் அருகிலிருந்த பட்டணத்துப் பட்டறைக்காரர்களுக்கும் வந்து சேர்ந்த வேலை அது. தகட்டின் கனம் ஏற ஏற ஸ்பிரிங் தாழ்ந்தது, கிளட்ச் தேய்ந்தது, மேடு ஏறும்போது என்ஜின் கொதித்தது. கவசம் பொருத்திக் கொடுத்த பின்பு மாதந்தோறும் அதன் விளைவுகளைச் சமாளித்தவர்களும் அதே ஆட்கள்தான். வெயிலில் அடுப்பாய்க் கொதிக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் முன்னால் உட்கார்ந்து ஓட்டியவரும் இன்னொரு தோட்டத் தொழிலாளிதான்.

கிராணி வீட்டு வாசலில்

ரோல்ஸ்-ராய்ஸ் சரித்திரப் பாடத்தில் இருக்கட்டும். நம் குடும்பப் படங்களில் இருக்கும் கார் வேறு. கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வேட்டி கட்டிய பெரியவர், புடவைத் தலைப்பைப் போர்த்திய அம்மா, வரிசையாகப் பிள்ளைகள். பின்னால் ஒரு மோரிஸ் மைனர். சில படங்களில் அது அவர்களுடைய காராகவே இருக்காது. துரையின் காருக்கு முன்னால், துரை இல்லாத நேரத்தில் எடுத்த படமாக இருக்கும்.

மோரிஸ் மைனர் 1948ல் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் உருவாக்கியவர். காரின் உரிமையாளரான நஃபீல்ட் பிரபுவுக்கு இதைப் பார்த்ததும் பிடிக்கவில்லை, 'அவித்த முட்டை மாதிரி இருக்கிறது' என்றாராம். இன்னொரு வேடிக்கை: மாதிரிக் கார் தயாரான பின்பு அது ஒடுக்கமாக இருப்பதாக இஸிகோனிஸுக்குத் தோன்றியது. காரை நடுவில் நெடுக அறுத்து, இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பானட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலம்தான். அடுத்த முறை பழைய மைனரைப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

முதலில் 918 சிசி என்ஜின். 1952ல் 803 சிசி. 1956ல் வந்த மைனர் 1000க்கு 948 சிசி. 1962ல் 1,098 சிசி. 1971ல் தயாரிப்பு நிற்பதற்குள் 16 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் பிரிட்டிஷ் கார்களுக்கு வரிச் சலுகை இருந்ததால் மலாயாவிலும் இது பெருகியது.

யார் வாங்கினார்கள்? ஆசிரியர்கள், அரசாங்க கிளார்க்குகள், தோட்டத்துப் பெரிய கிராணி, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், பட்டணத்துச் சிறு வியாபாரி. ரப்பர் மரத்துக்கு நடுவே செம்மண் பாதையில் குலுங்கி ஓடுவதற்கு ஏற்ற உயரம், கையால் சுழற்றி ஸ்டார்ட் செய்ய ஒரு கம்பி, எண்ணெய் அதிகம் குடிக்காத என்ஜின். புதிதாக வாங்கியவர்களைவிட இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கியவர்களே அதிகம். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் வேலையிழந்தவர்களுக்காகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துரை கப்பலேறும்போது நாற்காலி, மேசை, ரேடியோப் பெட்டியோடு காரும் விலைக்கு வந்தது. அதை வாங்கியவர் கிராணியாக இருக்கலாம். வாங்கச் சொன்னவர் பெரும்பாலும் அந்தக் காரை அதுவரை ஓட்டிய டிரைவர். அதன் வியாதி என்ன, அது எந்த மேட்டில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும்.

தோட்டத்தில் யாரும் அதைக் 'கார்' என்று சொன்னதில்லை. 'காடி'தான். காடி வைத்திருக்கும் வீடு என்றால் திருமணத்துக்குப் பெண் அழைக்கவும், பிரசவ வலி கண்டவளை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் கதவைத் தட்டுவார்கள். தைப்பூசத்துக்கு மற்றவர்கள் எல்லாம் தோட்டத்து லோரியில் பத்துமலைக்குப் போவார்கள். அந்த ஒரு வீட்டுக்காரர்கள் காடியில் போவார்கள்.

கிரீஸ் அடிக்கும் வேலை

இனி, ஒரு பழைய காரை வைத்துக் காப்பாற்றுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆசைக்கு வாங்குகிறவர்கள் பெயிண்ட்டைப் பார்த்து வாங்குகிறார்கள். தெரிந்தவர்கள் அடியில் படுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

மோரிஸ் மைனரின் முன்சக்கரங்களைத் தாங்கும் கணுக்களுக்கு மேலும் கீழும் 'டிரன்னியன்' என்ற பாகம் உண்டு. மரை போட்ட அந்தப் பாகத்துக்குள் கிரீஸ் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அன்றைய கைப்புத்தகங்கள் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் துப்பாக்கியால் அடிக்கச் சொல்கின்றன. மறந்தால் என்ன ஆகும்? மரை தேய்ந்து, ஒரு நாள் வளைவில் திரும்பும்போது சக்கரம் கழன்று உள்பக்கமாக மடியும். கார் மண்டியிட்ட யானையைப் போல் முன்பக்கம் சாய்ந்து நிற்கும். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவரை மைனர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். இரண்டு ரிங்கிட் கிரீஸும் ஐந்து நிமிட உழைப்பும் செய்ய வேண்டிய வேலையை, பிறகு எவ்வளவு செலவழித்தாலும் சரிக்கட்ட முடியாது.

பிரேக் எண்ணெய் ஊற்றும் இடம் எங்கே என்று புதியவர்கள் பானட்டுக்குள் தேடுவார்கள். அது அங்கே இல்லை. டிரைவரின் காலுக்குக் கீழே, தரைவிரிப்பைத் தூக்கினால் தெரியும் ஒரு மூடிக்கு அடியில், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது மாஸ்டர் சிலிண்டர். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கையே நம்பி அழுத்திக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, மிதி அடிவரை போகும், வண்டி நிற்காது. கேப்பிலிருந்து இறங்கும் பழைய ஆட்கள் இரண்டாவது கியரில் போட்டு, என்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடித்து இறக்குவார்கள். முதல் கியருக்குப் போக வேண்டியிருந்தால், அதில் ஒத்திசைவுப் பல் கிடையாது என்பதால், கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து, இடையில் என்ஜினைக் கொஞ்சம் முடுக்கிப் போட வேண்டும். தானியங்கிக் காரில் பழகிய இளையவர்களுக்கு இது வித்தை மாதிரித் தெரியும். அன்று உரிமம் எடுத்த ஒவ்வொரு டிரைவரும் செய்த வேலை.

ஏறும்போது வரும் தொல்லை வேறு. மத்தியான வெயிலில் எண்ணெய்க் குழாயில் பெட்ரோல் ஆவியாகி, கார் இருமிவிட்டு நின்றுவிடும். இதற்கு மருந்து ஈரத் துணி. ஓடையில் நனைத்துக் குழாயின் மேல் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் மறுபடி ஓடும். ரேடியேட்டர் கொதித்தால் மூடியை உடனே திறக்கக் கூடாது. திறந்தவர்களின் முகத்தில் அதன் தழும்பு இருக்கும். இவற்றையெல்லாம் எந்தப் புத்தகத்திலிருந்தும் நம்மவர்கள் படிக்கவில்லை. ஒருவர் செய்வதைப் பக்கத்தில் டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்ற இன்னொருவர் பார்த்துக் கற்றார்.

இந்தப் 'போமன்'கள் எல்லாரும் தமிழர்கள் என்று சொல்வது பொய்யாகும். பட்டணத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் சீனர்கள். அவர்களிடம் எடுபிடியாகச் சேர்ந்த தமிழ்ப் பையன்கள் கன்டோனீஸ் பேசக் கற்றார்கள், என்ஜினைப் பிரிக்கக் கற்றார்கள். தோட்டத்தில் டிராக்டரும் பால் லோரியும் பார்த்த பிட்டர்கள் வேறு ஒரு கூட்டம். ஒரே பாகத்துக்கு மூன்று மொழியில் மூன்று பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இன்று எழுத்தில் இல்லை.

ஆண்டு முழுவதும் பெயரில்லாமல் உழைத்தவருக்கு ஒரு நாள் மட்டும் மரியாதை கிடைத்தது. ஆயுத பூஜை. அன்று காலையில் லோரி, டிராக்டர், துரையின் கார் எல்லாம் கழுவி நிறுத்தப்படும். சந்தனம், குங்குமம், முன்னால் ஒரு வாழைக்கன்று, மாலை. ஸ்பானரும் சுத்தியலும் வாழை இலையில் வரிசையாக இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியை மெதுவாக நகர்த்துவார். அந்த நாலடி தூரம் போகும்வரை கார் அவருடையது. துரையே பக்கத்தில் நின்று பார்ப்பார்.

பழைய இரும்புக் கடையும் சங்கமும்

1985 ஜூலை 9ஆம் தேதி புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994ல் பெரோடுவா கஞ்சில். பெரோடுவா தொழிற்சாலை செரண்டாவில். புரோட்டோனின் புதிய தொழிற்சாலை 2000களில் தஞ்சோங் மாலிமில் வந்தது. வரைபடத்தைப் பார்த்தால் கோலா குபு பாரு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. புதிய கார்கள் பிறக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே பழைய கார்கள் உலா வரும் பட்டணம். அந்தத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனவர்களில் பலர், ரப்பர் மரம் வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களிலிருந்தும், வீடமைப்புக்காக விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்தும் வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். தவணையில் புதிய கார் கிடைக்கும்போது கொட்டகையில் நிற்கும் மோரிஸ் மைனரை யார் தேடுவார்? லயத்தைக் காலி செய்தபோது காடியையும் எடை போட்டுப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. வீடு மாற லோரி வாடகைக்கே பணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தப்பிப் பிழைத்தவைதான் இன்று சங்கங்களில் இருக்கின்றன. மலேசிய சிங்கப்பூர் விண்டேஜ் கார் ரெஜிஸ்டர் பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது. வோக்ஸ்வேகன், மினி, மோரிஸ் மைனர் என்று அந்தந்தக் காருக்குத் தனிக் கூட்டங்களும் உண்டு. உலக அளவில் 1966ல் தொடங்கப்பட்ட ஃபீவா என்ற கூட்டமைப்பு இருக்கிறது. அதன் கணக்கில் முப்பது வயதாகி, அசல் நிலையில் பாதுகாக்கப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தப்படாத வாகனமே சரித்திர வாகனம்.

அசல் நிலை என்ற சொல்லில்தான் சண்டை. நம் நாட்டில் எத்தனையோ மோரிஸ் மைனர்களின் வயிற்றில் இருப்பது டட்சன் 1200 என்ஜின். உதிரிப் பாகம் கிடைக்காத காலத்தில், விபத்தில் நசுங்கிய டட்சனிலிருந்து என்ஜினையும் கியரையும் கழற்றிப் பொருத்தினார்கள். சுத்தமான அசல் வேண்டும் என்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்பு நியாயமாகப் படவில்லை. அந்த டட்சன் என்ஜின் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இரும்புக் கடைக்குப் போயிருக்கும். உலு சிலாங்கூரின் ஏதோ ஒரு பட்டறையில், என்ஜின் தாங்கியை அளந்து அறுத்து வெல்டிங் செய்தவரின் கைவேலையும் அந்தக் காரின் சரித்திரத்தில் ஒரு பக்கம்தானே?

இலங்கையில் இதே அறிவு வேறு விதமாக உதவியது. அங்கே மோரிஸ் மைனர் வெகுகாலம் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. பாகங்களைக் கையாலேயே செய்யக்கூடிய தொழிலாளர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து அங்கே உதிரிப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார். காரை உருவாக்கிய நாடு அதன் பாகத்துக்காகக் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. இந்தியாவிலோ, மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டிலிருந்து பிறந்த அம்பாசடர் 2014வரை தயாரிப்பிலேயே இருந்தது. கோயம்புத்தூரில் 2015ல் ஜி.டி. கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே பழைய கார்கள் கூரைக்குள் பாதுகாப்பாக நிற்கின்றன. இங்கே அவை இன்னும் மழையில் நனைந்து மலையேறுகின்றன.

எப்போதும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2009 அக்டோபர் இறுதியில், 15 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்கள் சாலை வரி புதுப்பிக்க ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. பழைய கார் வைத்திருந்த ஆர்வலர்கள் மட்டுமல்ல, வேறு கார் வாங்க வசதியில்லாத ஏழைகளும் கொதித்தார்கள். சில நாள்களிலேயே அரசாங்கம் அதைக் கைவிட்டது. அந்தச் சில நாள்களில் இரண்டு தரப்பும் ஒரே அணியில் நின்றன: ஆசைக்குப் பழைய கார் வைத்திருப்பவரும், வேறு வழியில்லாமல் பழைய கார் வைத்திருப்பவரும். தோட்டத்தில் காடி வைத்திருந்தவர்கள் எல்லாம் இரண்டாவது வகை.

சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து மௌனமாக வருகிறது. டிரன்னியனுக்கு எந்தப் பதத்தில் கிரீஸ், கார்புரேட்டர் தொட்டியில் எவ்வளவு மெல்லிய எண்ணெய், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டின் இடைவெளியை அளவுத்தகடு இல்லாமல் எப்படிப் பார்ப்பது — இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். பலர் பிள்ளைகளோடு அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். சங்கத்துக்காரர்களில் சிலர் இப்போது அவர்களைத் தேடிப் போகிறார்கள். பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் படம் பிடிக்கிறார்கள். கை நடுங்கினாலும், பானட் திறந்த ஒரு மைனருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அவர்களுக்கு எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அப்படியே நினைவுக்கு வருகிறது. பிறந்தநாள் மறந்தவர்களுக்கும் பழைய நம்பர் பிளேட் நினைவிருக்கிறது. சிலாங்கூரைக் குறிக்கும் பி எழுத்து, பிறகு நான்கு எண்கள்.

அப்படி ஒருவரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டு கேப் சாலையில் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். அணைக்கட்டு வந்த பிறகு சாலையின் கீழ்ப்பகுதி மாறிவிட்டது. அங்கே பெரியவருக்கு வழி பிடிபடாது. நீர்த்தேக்கத்தைத் தாண்டி மரங்கள் நெருங்கியதும் அவர் நிமிர்ந்து உட்காருவார். வளைவு வருவதற்கு முன்பே அவருடைய இடது கால் இல்லாத கிளட்ச்சை மிதிக்கும். ஓட்டுகிறவர் கியரைக் குறைக்கத் தாமதித்தால், 'ரெண்டுல போடு தம்பி' என்பார்.